சீவாளியும் ஸ்டிக்கும்: பிரீமியம் கன்ட்ரோலரை எதை வைத்து அளப்பது?

கேம் கன்ட்ரோலர் விமர்சனங்களில் பெரும்பாலானவை பொருள் கைக்கு வந்த முதல் ஒன்றிரண்டு வாரத்தில் எழுதப்படுபவை. பிடி அருமை, பட்டன் அழுத்தினால் நல்ல சத்தம், பின்பக்கம் நாலு பேடில், பெட்டியே நகைப்பெட்டி மாதிரி இருக்கு. அதோட பத்துக்கு ஒன்பது மார்க் போட்டு முடிச்சிடுவாங்க. ரெண்டு வருஷம் கழித்து அதே பொருளைத் திரும்ப எடுத்துப் பார்த்து எழுதுபவர்கள் ரொம்பக் குறைவு. ஆனால் காசு கொடுத்து வாங்குகிறவர் அதோடு வாழப்போவது அந்த ரெண்டு வருஷமும்தானே?

இங்கே நான் எடுத்துக்கொள்வது இரண்டு கன்ட்ரோலர்கள். ஒன்று, மைக்ரோசாஃப்ட்டின் எக்ஸ்பாக்ஸ் எலீட் சீரீஸ் 2. நவம்பர் 2019-ல் வந்தது, அறிமுக விலை 180 டாலர். மற்றது, சோனியின் டூயல்சென்ஸ் எட்ஜ். ஜனவரி 2023, 200 டாலர். இந்திய விலை கடைக்குக் கடை, மாதத்துக்கு மாதம் மாறுவதால் டாலரிலேயே சொல்கிறேன். எந்த நாட்டில் வாங்கினாலும் கணக்கு ஒன்றுதான்: அதே கம்பெனியின் சாதாக் கன்ட்ரோலரைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு.

கேள்வியும் அதுதான். அந்தக் கூடுதல் இரண்டு மடங்குக்கு நமக்கு என்ன கிடைக்கிறது?

அளவுகோல்

இதற்கான அளவுகோலை நம்ம ஊர்ப் பக்கத்திலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். தஞ்சாவூர் ஜில்லாவில் விலை உயர்ந்த, கையால் இயக்குகிற, நுணுக்கமான கருவிகள் செய்யும் தொழில் ரொம்ப காலமாக இருக்கிறது. வீணையும் நாதஸ்வரமும்தான்.

கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை போகும் வழியில் நரசிங்கம்பேட்டை. ஆச்சா மரத்தில் நாதஸ்வரம் கடைகிற ஊர். 2022-ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பக்கத்திலேயே திருவாவடுதுறை, சீவாளிக்குப் பேர் போன ஊர். சீவாளி என்பது நாதஸ்வரத்தின் வாயில், கெண்டை என்கிற உலோகக் குழலின் மேல் செருகும் நாணல் தட்டை. குழல் பல வருஷம் உழைக்கும். எச்சில் பட்டு, காற்று பட்டு, பல் பட்டு முதலில் போவது சீவாளிதான். அதனால்தான் எந்த வித்வானைப் பார்த்தாலும் நாதஸ்வரத்தோடு சேர்த்து ஒரு கொத்து சீவாளி தொங்கும். ஆலாபனைக்கு நடுவில் ஒன்று மக்கர் பண்ணினால் அவரே கழற்றி அடுத்ததைச் செருகிவிடுவார். இன்னார் கடை சீவாளிதான் போடணும்னு குழல் அடம்பிடிக்காது.

வீணையில் கதை கொஞ்சம் வேறு. 24 மெட்டுகளும் மெழுகின் மேல் உட்கார்ந்திருக்கின்றன. நாளாக நாளாக மெழுகு இளகி, மெட்டு தேய்ந்து, சுருதி விலகும். அதை வாசிப்பவரே சரிசெய்துவிட முடியாது. கைத்தேர்ந்த ஆசாரியிடம் கொடுத்து மெழுகைப் புதிதாகப் போட்டு மெட்டைத் திரும்பப் பதிக்கணும். ஆனால் பலாமரக் குடத்தை யாரும் தூக்கிப் போடுவதில்லை. மெழுகு ஒருநாள் திரும்பப் போடப்படும் என்று தெரிந்தேதான் முதல் நாளே அப்படிச் செய்கிறார்கள்.

ஆக, தேய்கிற பாகத்தை மூன்று விதமாக வைக்கலாம். உபயோகிப்பவரே மாற்றுவது சீவாளி வகை. தொழில் தெரிந்தவர் மாற்றுவது மெழுகு வகை. மூன்றாவது, யாரும் மாற்ற வழியில்லாமல் முழுப் பொருளையும் கடாசுவது. மூன்று மடங்கு விலை கொடுக்கும் பொருள் முதல் வகையில் இருக்கணும், குறைந்தபட்சம் இரண்டாவதிலாவது இருக்கணும். இது ரொம்பப் பெரிய எதிர்பார்ப்பு ஒண்ணும் இல்லை.

ஸ்டிக் எப்படித் தேய்கிறது

கன்ட்ரோலரில் சீவாளியின் இடத்தில் இருப்பது தம்ப்ஸ்டிக். ஒவ்வொரு ஸ்டிக்கின் அடியிலும் இரண்டு பொட்டென்ஷியோமீட்டர்கள். ஒன்று இட வலத்துக்கு, ஒன்று மேல் கீழுக்கு. உள்ளே ஒரு கார்பன் தடம், அதன் மேல் உரசிக்கொண்டு நகரும் ஒரு உலோக நாக்கு. பழைய ரேடியோவில் வால்யூம் திருகினால் கரகரன்னு ஒரு சத்தம் வருமே, ஞாபகம் இருக்கா? அங்கே இருப்பதும் இதே பாகம், இதே நோய். ரேடியோவில் காதுக்குக் கேட்டது கன்ட்ரோலரில் கண்ணுக்குத் தெரிகிறது. கையை எடுத்த பிறகும் திரையில் ஆள் தானாக நடப்பான். இதைத்தான் டிரிஃப்ட் என்கிறார்கள்.

2021-ல் ஐஃபிக்ஸிட் குழுவினர் சாதா டூயல்சென்ஸைப் பிரித்துப் பார்த்தார்கள். உள்ளே இருந்தது ஆல்ப்ஸ் கம்பெனியின் ஸ்டிக் தொகுதி. அந்தக் கம்பெனியின் தொழில்நுட்பத் தாளிலேயே ஆயுள் 20 லட்சம் சுழற்சி என்று போட்டிருக்கிறது. வேகமான துப்பாக்கி விளையாட்டு ஒன்றை விளையாடி, எண்ணி, 417 மணி நேரத்தில்கூட அந்த எல்லையைத் தாண்டிவிடலாம் என்று கணக்குச் சொன்னார்கள். வகுத்துப் பார்த்தால் நிமிடத்துக்கு சுமார் 80 அசைவு. தினம் ரெண்டு மணி நேரம் விளையாடும் பையனுக்கு ஏழு மாதம். எல்லை தாண்டிய மறுநாளே கெட்டுவிடும் என்று அர்த்தமில்லை. அதற்கு மேல் தயாரித்தவர் பொறுப்பில்லை, அவ்வளவுதான்.

இதில் பிரீமியம் கன்ட்ரோலருக்கு மட்டும் ஒரு கூடுதல் வம்பு இருக்கிறது. விண்டோஸில் கன்ட்ரோலர் பேசும் மொழி எக்ஸ்இன்புட். எக்ஸ்பாக்ஸ் 360 காலத்தில், 2005-ல் வந்தது. அதில் ஸ்டிக்கின் நிலை ஒரு அச்சுக்கு மைனஸ் 32768-லிருந்து 32767 வரை ஒரு எண்ணாக வரும். இடது ஸ்டிக்குக்கு 7849 வரை வரும் எண்ணைச் சும்மா இருப்பதாகவே எடுத்துக்கொள் என்று மைக்ரோசாஃப்ட்டே கேம் எழுதுபவர்களுக்கு ஒரு பரிந்துரை கொடுத்திருக்கிறது. முழு வீச்சில் ஏறக்குறைய 24 சதவீதம்! இதற்கு டெட் ஸோன் என்று பெயர். தேய்மானத்தால் வரும் சின்னச் சின்ன நடுக்கத்தையெல்லாம் இந்தப் போர்வை மூடிவிடும்.

பிரீமியம் கன்ட்ரோலர் வாங்குபவர் என்ன பண்ணுவார்? துல்லியத்துக்காகத்தானே வாங்கினார். செட்டிங்கில் போய் டெட் ஸோனைக் குறைப்பார். போர்வை சின்னதானால் கால் வெளியே தெரியும். சாதாக் கன்ட்ரோலரில் ஒரு வருஷம் மறைந்திருக்கும் அதே தேய்மானம் இங்கே சீக்கிரமே கண்ணில் படும். எந்தத் துல்லியத்துக்குக் காசு கொடுத்தாரோ அதுவே தேய்மானத்தைக் காட்டிக்கொடுக்கிறது. ஆகவே ஸ்டிக் மாற்றும் வசதி இந்த விலையில் ஆடம்பரம் இல்லை. துல்லியம் என்று விளம்பரம் பண்ணினால் கூடவே கொடுத்தாக வேண்டியது.

எலீட் சீரீஸ் 2

வசதிகளைக் குறை சொல்ல முடியாது. ஸ்டிக்கின் இறுக்கத்தைச் சின்னச் சாவியால் கூட்டிக் குறைக்கலாம். ட்ரிகர் எவ்வளவு தூரம் போகணும் என்பதற்கு மூன்று நிலை. பின்பக்கம் நாலு பேடில். கன்ட்ரோலருக்குள்ளேயே மூன்று ப்ரொஃபைல். ஸ்டிக்கின் தலைகளைக் காந்தத்தில் கழற்றி மாற்றலாம்.

கவனிக்க வேண்டியது இங்கேதான். மாற்ற முடிவது தலை மட்டும். தேய்கிற பொட்டென்ஷியோமீட்டர் போர்டில் சால்டர் வைத்து ஒட்டப்பட்டிருக்கிறது. நாதஸ்வரத்துக்குக் குஞ்சலத்தை மட்டும் விதவிதமாக மாற்றிக்கொள்ளலாம், சீவாளியைத் தொடாதே என்பது மாதிரி. 2023-ல் அமெரிக்காவில் மைக்ரோசாஃப்ட் உதிரி பாகம் விற்க ஆரம்பித்தது, நல்ல விஷயம். ஆனால் ஸ்டிக் கெட்டால் அங்கே வாங்க வேண்டியது ஸ்டிக்கை அல்ல, மொத்த போர்டையும். சால்டரிங் தெரிந்த மொபைல் ரிப்பேர் கடைக்காரர் ஒருவர் உங்கள் ஊரில் கிடைத்தால் இதை மெழுகு வகையில் சேர்க்கலாம். கிடைக்காவிட்டால் மூன்றாம் வகைதான்.

பேட்டரி விஷயத்தில் இன்னும் வருத்தம். 2015-ல் வந்த முதல் எலீட் இரண்டு டபுள் ஏ செல்லில் ஓடியது. அது திருவையாறு கடைத்தெருவிலும் கிடைக்கும், ஒரத்தநாட்டுப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும். சீரீஸ் 2-ல் அதை எடுத்துவிட்டு உள்ளேயே லித்தியம் பேட்டரியை வைத்து மூடிவிட்டார்கள். 40 மணி நேரம் வரை நிற்கும் என்கிறார்கள். புதுசில் நிற்கும். லித்தியம் பேட்டரியும் தேய்கிற பாகம்தான் என்பதால், ஒரு சீவாளி வகைப் பாகத்தை வேண்டுமென்றே மெழுகு வகைக்குத் தள்ளியிருக்கிறார்கள். சாதா எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரில் இன்றைக்கும் டபுள் ஏ செல்தான் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

ஆரம்பத்தில் இதற்கு உத்தரவாதம் 90 நாள். புகார்கள் குவிந்தன, 2020-ல் அமெரிக்காவில் வழக்கும் வந்தது. அந்த அக்டோபரில் உத்தரவாதத்தை ஒரு வருஷமாக நீட்டினார்கள், ஏற்கெனவே வாங்கியவர்களுக்கும் சேர்த்து. பொருளை எவ்வளவு நம்புகிறோம் என்பதைக் கம்பெனியே சொல்லும் இடம் உத்தரவாதத் தாள். 180 டாலர் பொருளுக்கு 90 நாள் என்று எழுதியபோதே வாங்குபவர்கள் யோசித்திருக்கணும்.

டூயல்சென்ஸ் எட்ஜ்

சோனி இந்த அனுபவத்தையெல்லாம் பார்த்துப் படித்திருக்கிறது. முகப்பு மூடியைக் கழற்றி, ஒரு நெம்புகோலைத் தூக்கினால் ஸ்டிக் தொகுதி அப்படியே கையோடு வந்துவிடும். ஸ்க்ரூ டிரைவர் வேண்டாம், சால்டரிங் வேண்டாம். புதுத் தொகுதி 20 டாலர். சீவாளியேதான்! இந்த ஒரு காரியத்துக்காக எட்ஜைப் பாராட்டித்தான் ஆகணும்.

ஆனால் சீவாளி ஒப்புமை முழுசாகப் பொருந்தவில்லை. அந்தத் தொகுதிக்கு உள்ளே இருப்பது அதே உரசும் பொட்டென்ஷியோமீட்டர்தான். காந்தப்புலத்தை அளந்து, உரசலே இல்லாமல் நிலையைச் சொல்லும் ஹால் சென்சார் ஸ்டிக் புதுக் கண்டுபிடிப்பு இல்லை; 1998-ல் வந்த சேகா டிரீம்காஸ்ட் கன்ட்ரோலரிலேயே இருந்தது. இன்றைக்கு கேம்சர் ஜி7 எஸ்இ மாதிரியான ஒயர் கன்ட்ரோலரில், எலீட் விலையில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாக, எக்ஸ்பாக்ஸ் உரிமத்தோடேயே கிடைக்கிறது. மலிவான பொருளில் இருப்பது விலை உயர்ந்ததில் இல்லை என்றால், தொழில்நுட்பம் கைக்கு எட்டவில்லை என்ற சமாதானம் எடுபடாது. தேயாத பாகம் போடலாம், அல்லது தேய்வதை மாற்றிக்கொள்ள விற்கலாம். சோனி இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தது.

அடுத்து, எட்ஜின் ஸ்டிக் தொகுதி எட்ஜுக்கு மட்டும்தான். அதே கம்பெனியின் சாதா டூயல்சென்ஸுக்குக்கூடப் பொருந்தாது. டெல்டாவில் மோட்டார் வைத்திருக்கும் யாரையும் கேளுங்கள்: பேரிங் போனால் நம்பரைச் சொல்லி வாங்குவார்கள். 6203 என்றால் உள் விட்டம் 17 மிமீ, வெளி விட்டம் 40 மிமீ, அகலம் 12 மிமீ. எந்த நாட்டுக் கம்பெனி செய்தாலும் அதே அளவு. குறுவைக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருக்கும்போது மோட்டார் நின்றால், அன்று சாயங்காலத்துக்குள் திரும்ப ஓடுவது இந்த நம்பரால்தான். கன்ட்ரோலர் ஸ்டிக்குக்கு அப்படி ஒரு பொது நம்பர் இல்லை. சோனி ஒருநாள் அந்தத் தொகுதியை விற்பதை நிறுத்தினால் எட்ஜும் எலீட் நிலைமைக்கு வந்துவிடும்.

பேட்டரி இங்கேயும் குறைதான். சாதா டூயல்சென்ஸில் 1560 மில்லிஆம்பியர் மணி. மூன்று மடங்கு விலையுள்ள எட்ஜில் 1050. ஸ்டிக் தொகுதிக்கு இடம் வேண்டும் என்பது புரிகிறது. ஆனால் அந்தச் சுமையைத் தூக்குவது வாங்குபவர்.

எதோடு சேரும், எதோடு சேராது

பெட்டியின் மேல் போட்டிருக்கும் ‘இணக்கம்’ என்ற வார்த்தையைப் பிரித்துப் பார்த்தால் அதில் இரண்டு விஷயம் இருக்கிறது. கன்ட்ரோலருக்கும் கருவிக்கும் பேச முடியுமா என்பது ஒன்று. பேச அனுமதி இருக்கா என்பது இன்னொன்று. தகராறு பெரும்பாலும் இரண்டாவதில்தான்.

எலீட் சீரீஸ் 2 எக்ஸ்பாக்ஸ், விண்டோஸ், ஆண்ட்ராய்டு, ஐபோன் எல்லாவற்றோடும் சேரும். அந்த வகையில் எட்ஜைவிடத் தாராளம். ப்ளூடூத்தில் இணைத்தால் மட்டும் கன்ட்ரோலரில் இருக்கும் ஹெட்செட் துளை வேலை செய்யாது. ப்ளேஸ்டேஷன், ஸ்விட்ச் பக்கம் போகவே முடியாது.

சோனி பக்கம் விநோதம் இன்னும் அதிகம். பிஎஸ்5-ல் பழைய டூயல்ஷாக் 4-ஐ இணைக்கலாம். பிஎஸ்4 கேம் ஓடும், பிஎஸ்5 கேம் என்றால் ஏற்காது. கன்ட்ரோலரைக் கருவிக்குத் தெரியும், அனுமதிதான் இல்லை. டூயல்சென்ஸோ எட்ஜோ சோனியின் சொந்த பிஎஸ்4-ல் வேலை செய்யாது. ஆனால் லினக்ஸில் செய்யும்! டூயல்சென்ஸுக்கான டிரைவரை சோனியே எழுதிக் கொடுக்க, 2021-ல் லினக்ஸ் 5.12-ல் அது சேர்ந்தது. கணினியில் அந்தப் புகழ்பெற்ற ட்ரிகர் எதிர்ப்பும் நுண் அதிர்வும் வேண்டுமென்றால் கேம் அதை ஆதரிக்கணும், பல கேம்களில் கேபிளும் மாட்டணும்.

மைக்ரோசாஃப்ட்டும் லேசுப்பட்டதில்லை. நவம்பர் 2023-லிருந்து உரிமம் பெறாத கன்ட்ரோலர், அடாப்டர் எதை மாட்டினாலும் எக்ஸ்பாக்ஸ் எச்சரித்துவிட்டுத் தடுத்துவிடுகிறது. ஏமாற்று விளையாட்டைத் தடுக்க என்பது ஓரளவு நியாயம். ஆனால் வேறு கருவியை அடாப்டர் வழியாக மாட்டி நேர்மையாக விளையாடிக்கொண்டிருந்தவர்களுக்கும் அதே கதி.

பேடிலுக்கு வருவோம். எலீட்டுக்கு அந்த விலையை நியாயப்படுத்துவதே நாலு பேடில்கள்தான். ஆனால் எக்ஸ்இன்புட் மொழியில் பேடிலுக்கு இடமே கிடையாது. அந்த மொழியில் எழுதிய கேமுக்கு உங்கள் பேடில் ஒரு தனிப் பட்டன் இல்லை. ஏற்கெனவே இருக்கும் ஏ, பி, எக்ஸ், ஒய் போன்ற ஒன்றின் நகல். எட்ஜின் இரண்டு பின் பட்டன்களும் பிஎஸ்5-ல் இப்படித்தான். கட்டை விரலை ஸ்டிக்கிலிருந்து எடுக்காமலே குதிக்கலாம் என்ற லாபம் நிஜம்தான், ஆனால் அதற்கு மேல் எதுவும் இல்லை. விண்டோஸின் புதிய நிரல் இடைமுகத்தில் பேடிலுக்குத் தனி இடம் இருக்கிறது, ஸ்டீம் வழியாகவும் தனியாகப் பிரிக்கலாம். அதற்குக் கேம் எழுதுபவரோ நீங்களோ மெனக்கெடணும். காசு கொடுத்தது நாலு புது விரலுக்கு. கிடைத்தது பழைய விரலுக்கு நாலு நிழல்.

நம்ம பக்கத்து நிலவரம் இன்னொன்று. இங்கே பையன்கள் பெரும்பாலும் விளையாடுவது போனில், அதிலும் பிஜிஎம்ஐ. அந்த கேமில் கன்ட்ரோலருக்கு அதிகாரபூர்வ ஆதரவு இல்லை. பெட்டியில் ‘ஆண்ட்ராய்டுடன் இயங்கும்’ என்று போட்டிருப்பது பொய்யில்லை, போனோடு சேரும். போனில் நீங்கள் விளையாடும் கேமோடு சேருமா என்பதைப் பெட்டி சொல்லாது.

உண்மையில் தேறிய ஒன்று

இந்த அளவுகோலில் நன்றாகத் தேறுவது எலீட்டும் இல்லை, எட்ஜும் இல்லை. 2018-ல் 100 டாலருக்கு வந்த எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கன்ட்ரோலர். கை, விரல் அசைவில் சிரமம் உள்ளவர்களுக்காகச் செய்தது. இரண்டு பெரிய பட்டன், பின்பக்கம் 19 துளைகள். எல்லாம் சாதாரண 3.5 மிமீ துளை, ஹெட்போன் குத்துவோமே அதே அளவு. மாற்றுத்திறனாளிகளுக்கான ஸ்விட்சுகளில் ஏற்கெனவே புழக்கத்தில் இருந்த அளவு அது என்பதால், காலால் மிதிப்பது, தலையால் தட்டுவது என்று யார் செய்த ஸ்விட்ச்சையும் குத்திக்கொள்ளலாம். ஒரு ஸ்விட்ச் கெட்டால் அதை மட்டும் மாற்றினால் போதும். எலெக்ட்ரானிக்ஸ் படிக்கும் பாலிடெக்னிக் பையன் ஒருவன் அக்கம்பக்கத்துக் குழந்தைக்காக வீட்டிலேயே ஒன்று செய்துவிடலாம். சோனி 2023 டிசம்பரில் கொண்டுவந்த ஆக்சஸ் கன்ட்ரோலரிலும் இப்படி நாலு துளை உண்டு. குழலை ஒருவர் கடையலாம், சீவாளியை வேறொருவர் கட்டலாம் என்ற ஏற்பாடு இதுதான். இரண்டு கம்பெனிக்கும் இது தெரிந்திருக்கிறது. மூன்று மடங்கு விலை கொடுப்பவருக்கு மட்டும் ஏன் கொடுக்கவில்லை என்பதே என் புகார்.

சட்டம் இந்தப் பக்கம் மெதுவாகத்தான் வருகிறது. மத்திய நுகர்வோர் விவகாரத் துறை டிசம்பர் 2022-ல் பழுதுபார்க்கும் உரிமைக்கென ஒரு இணையதளம் தொடங்கியது. முதலில் எடுத்துக்கொண்ட நாலு துறை: விவசாயக் கருவிகள், மொபைலும் டேப்லெட்டும், வீட்டு உபயோகப் பொருட்கள், வாகனங்கள். டிராக்டர் முதலில் வந்ததில் நமக்கு வருத்தமில்லை, வரவேண்டியதுதான். ஆனால் டிராக்டருக்குச் சொல்லும் நியாயம் கன்ட்ரோலருக்கும் பொருந்தும்: தேய்கிற பாகம் தனியாகக் கிடைக்கணும், மாற்றும் முறை வெளியே தெரியணும்.

அதுவரை வாங்குபவர் என்ன செய்யலாம்? பிஎஸ்5 மட்டுமே வைத்திருந்து, தினமும் விளையாடி, வருஷத்துக்கு ஒரு கன்ட்ரோலரைத் தேய்ப்பவர் என்றால் எட்ஜ் கணக்கில் நிற்கும். அறிமுக விலையில் சாதா டூயல்சென்ஸ் ஒன்று 70 டாலர், ஸ்டிக் தொகுதி ஒன்று 20. இரண்டு மூன்று தடவை மாற்றினாலே கூடுதலாகப் போட்ட பணம் திரும்பிவிடும். வாங்கும்போதே ரெண்டு தொகுதி சேர்த்து வாங்கி வைப்பது நல்லது. எலீட் சீரீஸ் 2-ஐ சால்டரிங் தெரிந்தவர்களுக்கு மட்டும்தான் என்னால் சொல்ல முடியும். கணினியில் விளையாடும் மற்ற எல்லோருக்கும் ஹால் ஸ்டிக் போட்ட நடுத்தர விலைக் கன்ட்ரோலர் போதும், மிச்சப் பணத்தில் நாலு கேம் வாங்கலாம்.

கடையில் நிற்கும்போது விற்பவரிடம் மூன்றே கேள்வி கேளுங்கள். ஸ்டிக் உள்ளே உரசுகிற வகையா, காந்த வகையா? கெட்டால் ஸ்டிக் மட்டும் தனியாகக் கிடைக்குமா, அதுவும் இந்தியாவில்? பேட்டரியைக் கழற்ற முடியுமா? மூன்றுக்கும் பதில் தெரியாமல் பெட்டியின் அழகைப் பற்றியே பேசினார் என்றால், அங்கே சாதாக் கன்ட்ரோலரை வாங்கிக்கொண்டு வந்துவிடலாம்.